சமர்ப்பணப் பக்கம்

ஒரேயொரு பக்கத்துக்காக ஒரு பிள்ளையை ஒரு மணித்தியாலம் காக்க வைக்கிற மனுசனை என்னவென்று சொல்லுவீங்க?

கல்நெஞ்சன் என்றுதான் ஷிராணி மனசுக்குள் சொன்னாள். வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பேராதனையில் அவள் டைப் அடிக்கிற அந்தக் கொமியூனிகேஷன் கடைக்கு அம்புறோஸ் அண்ணன்தான் முதலாளி.

காத்திருந்தவள் சனாதோம்பி. மணிப்பூரிலிருந்து வந்து கெம்பஸில் படிக்கிறவள். ஹொஸ்டல் கூட்டாளிகளிடம் பொறுக்கிய தமிழ் பேசுவாள். ஆய்வுப் புத்தகத்தை நாலு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் பிரிண்ட் ஆகிவிட்டது. செத்துப்போன அம்மாவுக்குச் சமர்ப்பணமாகத் தன் மெய்தெய் எழுத்தில் எழுதிய முதல் பக்கம் மட்டும் வரிக்கு வரி வெறும் கட்டங்களாக விழுந்தது.

"இங்கிலீசிலயே அடிச்சிருவோமா, தங்கச்சி?"

"சரி அக்கா. நேரம் இல்லை," என்றாள் சனாதோம்பி.

"வேணாம்," என்றார் அம்புறோஸ், போனிலிருந்து தலை நிமிராமல்.

"மணி மூணு, அண்ணே! போன நோண்டிக்கிட்டிருந்தா எப்பிடி? நம்ம பாமினி எழுத்துருவக் கூடப் போட்டுப் பாத்துட்டேன். மசியல."

"அது தமிழுக்குத் தச்ச சட்டை, புள்ள. கட்டம் விழுறது நல்லதுதான். அவங்க எழுத்து ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா நம்பர் இருக்கு. நம்பரெல்லாம் பத்திரமா வந்து சேந்திருச்சு. எழுத்துருதான் நம்ம மிஷின்ல இல்ல. போன்ல ரெண்டு எறக்கிப் பாத்தேன், சரிவரல. இது மூணாவது."

"எம்மகன் சோறு திங்கிறதே இதவிட வேகம்!"

பைண்டிங் கடை நம்பரைக் குறிக்கத் துண்டுத் தாள் தேடி ஷிராணி மேசை லாச்சியை இழுத்தாள். உள்ளே பழைய அட்டைகள் ஒரு கட்டு. மூலையில் சின்னச் சிலுவை, கீழே தலையும் வாலும் புரியாத இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும். 'குப்பையையும் சேத்து வச்சிருக்காரே!' ஒன்றை உருவிப் பின்பக்கத்தில் கிறுக்கினாள்.

மூன்றே காலுக்கு அம்புறோஸ் போனைக் கொம்பியூட்டரில் செருகினார். கட்டங்கள் போன இடம் தெரியவில்லை. வட்டமும் கொக்கியுமாக எழுத்துகள் எழுந்து நின்றன. சனாதோம்பி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரிண்ட் வந்தும் தாளை அவர் விடவில்லை.

"இன்னும் என்னண்ணே?"

ஷிராணியின் கையிலிருந்த அட்டையை மெதுவாக வாங்கித் திருப்பினார்.

"எங்கம்மாவோட முப்பத்தொண்ணாம் நாள் பூசைக்கு அடிக்கக் குடுத்தது, புள்ள. அந்தக் கடையில பாமினி இல்ல. தமிழெல்லாம் இப்பிடி விழுந்திருச்சு. மாதா கோயில் வாசல்ல கட்டைப் பிரிச்சப்பதான் பாத்தேன்."

ஷிராணிக்குக் கையிலிருந்த பேனை கனத்தது.

அவர் தாளை சனாதோம்பியிடம் நீட்டினார்.

"இத எங்களால வாசிக்க ஏலாது, மகள். அம்மா பேர் சரியா விழுந்திருக்கான்னு ஒருதரம் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க."