ஓவர் த மூன்

"வெரி ஹாப்பின்னு சொன்னா மார்க் விழாது சிஸ்டர். ஓவர் த மூன், ஆன் கிளவுட் நைன், இப்படி எடுத்து விடணும்," என்றார் கோச்சிங் சென்டர் தேவசகாயம். "சொந்தக் கதையா இருக்கட்டும். அப்பதான் திக்காது."

வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான ஆங்கிலப் பேச்சுப் பரீட்சை. நர்ஸ் அமலோற்பவம் சொந்தக் கதையைத்தான் கொண்டு போனாள். மகள் பிறந்த அன்றைய கதை. அந்தக் குழந்தை முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்காமல் போய்விட்டதைத் தேவசகாயத்திடம் அவள் சொல்லவில்லை.

பரீட்சை அறையில் அவள் திக்கவே இல்லை. 'ஓவர் த மூன்' சரியான இடத்தில் வந்து விழுந்தது. கேள்வி கேட்ட அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சும்மா பேச்சுவாக்கில் ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்க பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?"

இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஏழு," என்றாள் அமலோற்பவம். முன்பல் ரெண்டும் விழுந்துவிட்டன. கத்திரிக்காயைக் கண்டால் ஓட்டம். சீப்பை எடுத்தாலே அழுகை. ஆங்கிலம் மடை திறந்த மாதிரி வந்தது.

"நல்லா பேசினீங்க. நேரம் முடிஞ்சுது," என்றார் அந்த அம்மாள்.

அமலோற்பவம் எழுந்திருக்கவில்லை. இன்று காலை மகளுக்குத் தலை பின்னிவிட்ட கதை இன்னும் பாதியில் இருந்தது.