ஐந்து கிரெயின் கூடுதல்

சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. ஒஹாயோவில் மெர்ல் நடத்தும் வில் கடையில் நின்று, லைல் தன் குறுக்குவில்லுக்கு அம்பு பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்பு நானூறு கிரெயின் எடை, முனை நூறு. வழக்கம்போல லேசானதுதானே அண்ணே?” என்றான் மெர்ல்.

“இந்தத் தடவை கனமா வேணும். மொத்தம் ஐநூத்தி அறுபது.”

மெர்ல் சிரித்தான். “கனமா இருந்தாத்தான் எலும்பைத் துளைக்கும்னு உங்க தம்பி டென்னி முப்பது வருஷமாக் கத்தினாரு. லேசா இருந்தாத்தான் வேகம்னு நீங்க மல்லுக்கு நின்னீங்க. கடைசியில அவரு ஜெயிச்சுட்டாரா?”

“ஜெயிச்சுட்டான்.”

“வேட்டைக்கு டொலீடோவுலேருந்து வர்றாரா?”

“வர்றான்.”

“அப்ப நூத்தி அறுபது முனையே போட்டுடறேன்.”

“முனை நூறே இருக்கட்டும். அம்புக் குழலுக்குள்ள இதை அடைச்சுக் குடு.”

லைல் நீட்டிய காபி டப்பாவில் கொஞ்சம் வெளிறிய பொடி இருந்தது. மெர்ல் அதைத் தராசில் கொட்டினான். அறுபத்தைந்து காட்டியது.

“அஞ்சு கூடுதல்” என்று ஓரமாக ஒதுக்கி, ஊதித் தள்ளினான். லைல் பார்த்துக்கொண்டே நின்றான்.

மீதியைப் பஞ்சு வைத்து அடைத்து மூடியபின் மெர்ல் கேட்டான்: “என்ன மணல் அண்ணே இது, இவ்வளவு நைசா?”

“டென்னி. போன மாசம் போய்ட்டான். இந்த வருஷம் முதல் மான் தன்னோடதுன்னு சொல்லி வச்சிருந்தான்.”

லைல் தரையைப் பார்த்தான்.

“விளக்குமாறு இருந்தாக் குடு. எடை குறைஞ்சா அவனுக்குப் பிடிக்காது.”