ஜல்தி பாருங்க டாக்டர்

“உள்ள என்ன பண்ணிகினு இருக்காங்க? எக்ஸ்ரே பாக்கறாங்களா, ஜாதகம் பாக்கறாங்களா?”

எக்ஸ்ரே சென்டரில் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவர் மணவாளன், ஆரணியில் பட்டுச்சேலைக் கடை வைத்திருப்பவர். களம்பூர் ரோட்டில் வண்டியோடு விழுந்ததிலிருந்து மூச்சை இழுத்தாலே அவருக்கு நெஞ்சு வலிக்கிறது. கத்தும்போது மட்டும் வலிப்பதாகத் தெரியவில்லை.

கவுன்டரில் இருந்த எழிலரசி, “டாக்டரம்மா நிதானமா பாத்தாதாங்க தப்பு வராது” என்றாள்.

“இந்நேரத்துக்கு ரைஸ்மில்லுல ஒரு லாரி நெல்லையே அரைச்சிருப்பான்! ஒரு படம் பாக்க இவ்ளோ நேரமா? பேஜாரா போச்சும்மா. ஜல்தி பாக்கச் சொல்லு!”

கூட்டத்துக்கும் தைரியம் வந்துவிட்டது. ஆளாளுக்கு “ஜல்தி, ஜல்தி” என்று கதவைத் தட்டினார்கள்.

உள்ளேயிருந்து சுப்பன் வந்தார். உள்ளே போகும்வரை மணவாளனையும் மிஞ்சிக் கத்தியவர். “பாவங்க, அவங்கள அவசரப்படுத்தாதீங்க” என்றார்.

“உங்க வேலை முடிஞ்சிடுச்சு, ஏன் சொல்ல மாட்டீங்க?” என்று முறைத்துவிட்டு மணவாளன் உள்ளே போனார்.

டாக்டர் சௌம்யா கம்ப்யூட்டரில் அவர் படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“ஒண்ணும் இல்லீங்க. போலாம்.”

மணவாளன் நகரவில்லை.

“அவ்ளோதானா?”

“நீங்கதானே ஜல்தின்னு சொல்லிகினு இருந்தீங்க?”

“அது மத்தவங்களுக்குச் சொன்னதும்மா! கடைக்கு ஒரு சேலை வந்தாலே வெளிச்சத்துல விரிச்சி, இழை இழையா பாத்துதான் எடுப்பேன். இது என் நெஞ்சுங்க! இன்னொரு தபா பாருங்க.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எலும்பாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றார்.

“அடடா, ஆமாங்க. இந்த விலா எலும்புல மெல்லிசா ஒரு விரிசல். அவசரத்துல விட்டுட்டேன். பயப்படாதீங்க, ரெஸ்ட் எடுத்தா கூடிடும்.”

மணவாளனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“பாத்தீங்களா? இதையெல்லாம் நிதானமா பாக்க வேணாவா?”

வெளியே கதவு தடதடத்தது. “உள்ள என்ன, தூங்கறாங்களா? ஜல்தி!”

“அறிவு இருக்குதாய்யா உங்களுக்கு? டாக்டரம்மா பாத்துகினு இருக்காங்க இல்ல!” என்று கதவைப் பார்த்துச் சீறினார் மணவாளன்.

டாக்டர் சிரித்துவிட்டார்.

“இப்பப் போனாரே, அவரும் இங்க உக்காந்துகினு உங்கள இப்படித்தாங்க திட்டினார். காலைலேர்ந்து எல்லார் படத்தையும் ரெண்டு ரெண்டு தபா பாத்துகினு இருக்கேன். அப்புறம் க்யூ எப்படிங்க நகரும்?”