நாற்பத்தோராவது ஆள்

"இதோட நாற்பது பேர் ஆச்சு. நாற்பது பேருமே அந்தக் குழந்தை மேல மோதிட்டாங்க!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தின் தலைவர்.

எதிரே அரைவட்டமாகப் பெரிய திரை. அதன் முன்னால் ஓர் இருக்கை, காலுக்கு ஒரு பிரேக். அவ்வளவுதான். திரையில் தெரு தானாக ஓடும். ஆபத்து என்று மனதில் பட்டதும் மிதிக்க வேண்டும். ஏழாவது காட்சியில், நின்றிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு கணினிக் குழந்தை குறுக்கே ஓடிவரும். பஸ், லாரி, டாக்ஸி என்று பழம் தின்று கொட்டை போட்ட டிரைவர்கள்கூட அங்கேதான் கோட்டை விட்டார்கள்.

"ஒருத்தராலயும் முடியலன்னா, புது டிரைவருங்களுக்கு நாம எதைச் சொல்லிக் கொடுக்கறது?"

"சார், எங்க பெரியம்மாவை ஒரு தடவை உட்கார வைக்கலாமா? இருபது வருஷமா ரோட்டுலதான் இருக்காங்க," என்றாள் உதவியாளராக இருந்த பெண்.

"யாரா இருந்தா என்ன, கூட்டிட்டு வாம்மா!"

மறுநாள் பெரியம்மா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டார்.

ஏழாவது காட்சி. வேன் தெரிந்தது. குழந்தை இன்னும் தலையே காட்டவில்லை. பெரியம்மா ஓங்கி மிதித்தார். வண்டி நின்ற பிறகுதான் குழந்தை ஓடியது.

தலைவருக்கு நம்பிக்கை வரவில்லை. தெருவை மாற்றினார், வேனை மாற்றினார், பெரியம்மாவுக்கு மூன்று முறை ஓட்டிக் காட்டினார். மூன்று முறையும் குழந்தை பத்திரமாகக் கடந்தது.

"எப்படிம்மா?"

"வேனுக்கு அடியில பாருங்க. ரெண்டு குட்டி ஷூ தெரியுதா? குதிகால் தரையில இல்ல. பிள்ளைங்க குதிகாலைத் தூக்கிட்டா அடுத்தது ஓட்டம்தான்."

தலைவர் காட்சியை மறுபடி ஓட்டி, வேன் வந்ததும் நிறுத்திப் பார்த்தார். உண்மைதான்!

"இனிமே எல்லா டிரைவருக்கும் முதல் பாடமே இதுதான்!" என்று துள்ளினார். உதவியாளப் பெண்ணுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தலைவர் படிவத்தை எடுத்தார். "சொல்லுங்கம்மா, என்ன வண்டி ஓட்டறீங்க? பஸ்ஸா, லாரியா?"

பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க. பள்ளிக்கூட வாசல்ல வண்டிங்களை நிறுத்தி, பிள்ளைங்களை ரோடு தாண்டி விடறவ நான். இன்னைக்கு வரைக்கும் ஒரு பிள்ளை மேலயும் சின்னக் கீறல் விழ விட்டதில்ல!"