ஒரு ரவுண்டு

கடற்கரையில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றும் பவளம் என்ற குதிரைக்கு, ஒரு ரவுண்டு என்றால் பஜ்ஜிக்கடையிலிருந்து சவுக்குத் தோப்பு வரை போய்த் திரும்புவது. ஒரு மழைக்காலத்தில் கடல் தோப்பைத் தின்றது. ரவுண்டு பாதியாகிவிட்டது.

"என் கால் வலி கடலுக்குத் தெரிந்திருக்கிறது, பார்த்தாயா!" என்றது பவளம், வளை தோண்டிக்கொண்டிருந்த நண்டிடம்.

"அக்கா, இந்த மாசம் இது எனக்கு நாலாவது வீடு," என்றது நண்டு. "கால் வலியாம்!"

"எதையும் பக்கவாட்டிலேயே பார்த்தால் உனக்கு நல்லது எங்கே தெரியப்போகிறது?"

மறு வருஷம் பஜ்ஜிக்கடையும் போயிற்று. கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். பவளத்துக்கோ லாடம் தேயவில்லை.

காணும் பொங்கலுக்குக் கரை கொள்ளாத கூட்டம் வரும். இந்த முறை ஒரே ஒரு குடும்பம் வந்தது.

"மிச்சமிருக்கிற இந்தக் கரையும் போச்சுன்னா உன்னைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்டி," என்று பவளத்தின் காதில் முணுமுணுத்துவிட்டு, குதிரைக்காரர் அந்த வீட்டுச் சிறுமியைத் தூக்கி அதன் முதுகில் உட்கார வைத்தார்.

பவளம் ஓரடி வைத்தது, முன்னங்கால் நனைந்தது. திரும்பியது, பின்னங்கால் நனைந்தது. ரவுண்டு முடிந்தது.

"அப்பா, குதிரை எப்போ கிளம்பும்?" என்று கேட்டாள் சிறுமி.

பவளத்துக்கு அன்றைக்குத்தான் ஓட வேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.