அம்மாவுக்குக் கார் ஆகாது

“ஸ்டேஷனுக்குக் கார் அனுப்பட்டுமா மேடம்?” என்று போனில் கேட்டார் கடற்கரை விடுதியின் மேனேஜர்.

“வேண்டாங்க. அம்மாவுக்குக் கார்னாலே குமட்டும். ரயில்ல வந்து, மெதுவா நடந்துடுவோம். கீழ ரூம் மட்டும் குடுங்க.”

பெற்றவளை இப்படித் தாங்கும் பிள்ளையும் இருக்கிறதே என்று மேனேஜருக்கு மனம் நிறைந்தது. அவர்கள் வரும் நாளில் வாசலிலேயே காத்திருந்தார். நரைத்த தலையும் கைத்தடியுமாக ஒரு மூதாட்டி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

“உட்காருங்கம்மா. உங்க பொண்ணு பின்னாடி வர்றாங்களா?”

“நான்தான் தம்பி பொண்ணு! அம்மா கடலைப் பார்த்ததும் மணல்ல இறங்கிட்டாங்க.”

“அடியே, அங்க என்னடி வெட்டிப் பேச்சு? வா இங்க!” என்று மணலிலிருந்து குரல் வந்தது.

மூதாட்டியின் கண்கள் கலங்கின. “எழுபத்தஞ்சு வயசுலயும் என்னை ‘அடியே’ன்னு கூப்பிட ஆள் இருக்கே தம்பி! இதுக்கு மேல என்ன வேணும்?” என்றவர், கூப்பிட்ட குரலுக்குச் சின்னப் பெண்ணாய் மணலில் இறங்கினார்.