ஒரு குளியலறைக்கு மட்டும்

குடியிருப்பில் நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, செயலாளர் பூவராகன்தான் மேல்தொட்டியில் குளோரின் கலந்தார். மறுபடியும் யாருக்கும் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். அவர் மகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தபோதும் அளவைக் குறைக்கத் துணியவில்லை. தன் வீட்டு ஷவரில் மட்டும் குளோரினை வடிகட்டும் ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொண்டார்; மகளுக்கு அரிப்பு நின்றது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு ஜெசிந்தா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிறுமியின் கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து தோலுரிந்திருந்தன.

“உங்க பொண்ணுக்கு மட்டும் ஒண்ணும் வரலியே சார். என்ன சோப்பு போடுறீங்க?”

பூவராகன் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு சோப்பின் பெயரைச் சொன்னாள். ஜெசிந்தா அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“நீங்க தண்ணிய நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. இவ தோல்தான் சரியில்ல” என்று கிளம்பினாள்.

சிறுமி கழுத்தைச் சொறிந்தபடியே படியிறங்கினாள்.

“ஏம்மா ஜெசிந்தா” என்று பூவராகன் கூப்பிட்டார். “பாப்பா இன்னைக்கு இங்கயே குளிக்கட்டுமே.”

“எங்க வீட்லயும் இதே தண்ணிதானே சார் வருது?”

பதிலுக்காக அவள் படியிலேயே நின்றாள்.